வாரத்துக்கு எண்பத்து நான்கு முறை

லாண்டரி அக்காவின் தம்பி ஏணியிலிருந்து விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் வயர்மேன். ஒரு புதுக் கட்டடத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்மண்டை தரையில் அடிபட விழுந்தார். முதல் மூன்று வாரம் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. பிறகு மூச்சு தானாக வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. கண் திறக்கும், மூடும், யாரையும் பார்க்காது. வயிற்றில் வைத்த குழாய் வழியாக ஒரு நாளைக்கு ஆறு வேளை பால் மாதிரியான உணவு இறங்கியது. அந்த உணவை நிறுத்திவிடலாம் என்று மருத்துவமனை சொன்னது. அவர் மனைவி சரி என்று கையெழுத்துப் போட்டார். அக்கா கூடாது என்றார்.

விஷயம் இவ்வளவுதான். எழுத ஒரு பத்தி போதுகிறது. ஆனால் அதை எழுதிவிட்டு, எதையோ விட்டுவிட்டேனா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். விட்டதைக் கீழே எழுதுகிறேன்.

நான் அந்த லாண்டரிக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். பகலில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசை, மாலையில் வகுப்பு. அக்காவின் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவள் இல்லை. அக்கா என்னை "மேல்வீட்டுப் பொண்ணு" என்பார். அவர் கணவரை நான் மாமா என்பேன். மாமா இஸ்திரி மேசையை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

மழை பிடித்து இரண்டாவது வாரம். விடுதிகளிலிருந்து வந்த விரிப்புகள் காயாமல் பின்கட்டுக் கயிறுகளில் கனத்துத் தொங்கின. உலர்த்தும் இயந்திரம் இரண்டில் ஒன்று ஓடும்போது மற்றது நின்றுவிடும். "ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு கத்தினா இன்னொண்ணு வாயைத் தொறக்காது" என்று மாமா சொல்வார். அக்கா காதில் விழும்படிதான் சொல்வார்.

மருத்துவமனை விரிப்பை அக்கா நம்பவில்லை. தம்பிக்கென்று எட்டு விரிப்பு தனியாக வைத்திருந்தார். அவற்றைத் தேய்க்க மாமாவைக்கூட விடமாட்டார்.

"ஒரே ஒரு சுருக்கம் இருந்தா போதும்மா. நமக்கு அது சுருக்கம். அசைய முடியாதவனுக்கு ரெண்டு நாள்ல அது புண்ணு."

உள்ளங்கையால் துணியைத் தடவிப் பார்ப்பார். திருப்பிப் போட்டு மறுபடி தடவுவார். எட்டு மாதத்தில் அந்த முதுகில் ஒரு புண் இல்லை. மற்ற வார்டிலிருந்து நர்ஸுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

சபையில் அக்கா நடத்தும் குழுவுக்கு உயிர்க்காவல் குழு என்று பெயர். பதினைந்து வருடமாக, எந்த மருத்துவமனையில் யாருக்கு இயந்திரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று தகவல் வந்தாலும் அங்கேயும் அந்த வீட்டு வாசலிலும் போய் நிற்பார்கள். பலகை, பாட்டு, ஜெபம், மனு. சில வீட்டுக்காரர்கள் அழுது நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இரண்டையும் அக்கா ஒரே குரலில்தான் சொல்வார்.

இப்போது அது அக்கா குடும்பத்துக்கே வந்திருந்தது. குழு சும்மா இருக்கவில்லை, மருத்துவமனை வாசலில் பலகை பிடித்தது. நாலு மாதமாகக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்தார்கள். பார்த்ததை எழுத ஒரு நோட்டு வைத்தார்கள். அதில் கோடு போட்டுக் கொடுத்தது நான்: தேதி, நேரம், பார்த்தவர், பார்த்தது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் நானும் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு, அதாவது தம்பி மனைவிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடை முடிந்து ஏழு மணிக்கு வந்து கடைசி நேரத்தை எடுத்துக்கொள்வார். நோட்டில் எழுதுவார், யாரிடமும் பேசமாட்டார். அக்காவும் அவரும் பேசி ஒரு மாதம் இருக்கும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அக்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"எத்தனை தடவை கண்ணால பாத்தான், எத்தனை தடவை சிரிச்சான், கை அசைச்சான், எல்லாத்தையும் எண்ணி ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. டாக்டருங்க நம்பருக்குத்தான் மசிவாங்க."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு வந்தது. தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினேன், அதேதான். பிறகு, எனக்கிருக்கும் கெட்ட பழக்கத்தால், யார் யார் நேரத்தில் எத்தனை என்று பிரித்தேன். சபையில் பாட்டு எடுத்துக்கொடுக்கும் உபதேசியாரின் நேரத்தில் மட்டும் எண்பத்தெட்டு. "கண்களால் ஸ்தோத்திரம் சொன்னார். ஆமென்." "இரண்டாம் பாட்டில் முகம் பிரகாசித்தது. ஆமென்." பேக்கரிக்கார அம்மா நேரத்தில் நாற்பது. மற்றவர்களுக்கும் அப்படியே. அக்கா நேரத்தில் ஒன்றும் இல்லை. மனைவி நேரத்திலும் ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் எழுதியதை மாற்றி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது: "திருப்பினேன். சிறுநீர் பை மாற்றினேன். எதுவும் இல்லை."

என் நேரத்தில் ஒன்று இருந்தது. "வலது சுட்டுவிரல் அசைந்தது." பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த விரல் அசையவில்லை. அன்று அக்கா வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் எழுதினேன்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமை மதியம் வரை யோசித்தேன். சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்திருக்கலாம். கீழே போனபோது அக்கா ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து நின்றார். மறுமுனையை நான் பிடித்தேன். மடித்தபடி எதிரெதிரே நடந்து, கையும் கையும் சேரும் இடத்தில் சொன்னேன்.

"இருநூத்திப் பதினாலு அக்கா. ஆனா உங்க நேரத்துல ஒண்ணுகூட இல்ல."

"தெரியும்."

"அவங்க நேரத்துலயும் இல்ல. என்னோடது ஒண்ணு இருக்கு. அது பொய்."

அக்கா விரிப்பை என் கையிலிருந்து வாங்கி அடுக்கின் மேல் வைத்தார். முகம் சிவந்தது. வெளியே போடி என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எண்பத்தெட்டு அவருக்கா?"

"ஆமாக்கா."

"பாட்டுக்கு முகம் மலர்ந்துச்சு, ஜெபத்துக்குக் கண்ணீர் விட்டான்னு ஆளாளுக்கு எழுதினாங்க. நான் மட்டும் மணிக்கணக்கா உக்காந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியல. எனக்கு விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன்மா. நாலு மாசமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன். கூடப் பொறந்தவ உக்காந்தா அவன் சிரிக்க மாட்டேங்குறானே, என் மேல என்ன கோவம்னு."

இஸ்திரிப் பெட்டி நின்றிருந்தது. மாமா அதைத் தூக்கி நிறுத்திவைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார்.

உபதேசியார் மாலையில் வந்தார். மெலிந்தவர், மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டை. குடையை வாசலில் விரித்தபடியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அக்கா நோட்டை அவர் முன்னால் திறந்து வைத்தார்.

"இது நடந்துச்சா பிரதர்?"

"எது சிஸ்டர்?"

"கண்ணால ஸ்தோத்திரம் சொன்னானா?"

"நான் அங்க உக்காந்தப்போ எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரு கேட்டா? அவனுக்கு என்ன நடந்துச்சுன்னுதானே எழுதச் சொன்னேன்?"

"நான் பொய் எழுதல சிஸ்டர். சாட்சி எழுதினேன்." அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "நாப்பது வருசமா சபையில சாட்சி சொல்லித்தான் எனக்குப் பழக்கம். சாட்சின்னா கண்ணால பாத்தது மட்டுமா? நடக்கும்னு நம்புறதும்தான். எந்திரிச்சு நின்னு 'இன்னைக்கு ஒண்ணும் நடக்கல'ன்னு யாராவது சாட்சி சொல்லுவாங்களா?"

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பது அவரைப் பார்த்தாலே தெரிந்தது. சபையில் எழுந்து நின்று சொல்வது போலத்தான் எல்லோரும் நோட்டில் எழுதியிருந்தார்கள். கோடு போட்டுக் கொடுத்த நான், தலைப்பை மட்டும் எழுதிவிட்டு, எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

"வியாழக்கிழமை நோட்டு வராது" என்றார் அக்கா.

"நோட்டு இல்லாம எதைக் காட்டுவீங்க? நம்ம கையில இருக்கிறதே அது ஒண்ணுதானே!"

"எதையும் காட்டப் போறதில்ல. பிரதர், இதைக் கேளுங்க. அவன் சிரிக்கிறான், அதனால விட்டுவைங்கன்னு கேட்டேன்னு வைங்க. நாளைக்கு ஒரு டாக்டர் வந்து சிரிக்கலன்னு நிரூபிச்சா? அப்ப விட்டுரலாம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அவன் சிரிக்கல. பாக்கல. கேக்கல. சும்மா கெடக்குறான். அப்படிக் கெடக்குறவனுக்குத்தான் நான் சோறு கேக்குறேன்."

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு போனார். அக்கா என்னிடம் திரும்பினார்.

"நீ பல்லாஸ்பத்திரியில யாருக்கு எந்த நேரம்னு அட்டவணை போடுறவதானே? எனக்கு ஒண்ணு போடு. அவனை வீட்டுக்குக் கொண்டு வரேன்."

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒருவரால் முடியாது, கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் எப்போதும் அக்கா அல்லது மாமா. மறுபக்கத்துக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, வாரத்துக்கு எண்பத்து நான்கு. பெரிய தாளில் கட்டம் போட்டேன்.

புதன்கிழமை அக்கா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மழையில் வீடு வீடாகப் போனார். உணவை நிறுத்தக் கூடாது என்ற மனுவில் அறுபத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டத்தில் பெயர் எழுதியது ஒன்பது பேர். மற்றவர்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம்.

"ஜெபம் அவனைப் புரட்டிப் போடாது" என்றார் அக்கா, செருப்பிலிருந்து தண்ணீரை உதறியபடி. உடனே வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நானா இப்படிப் பேசுறேன்?"

"நீதான். பதினஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் எனக்கே புரியுற மாதிரிப் பேசியிருக்க" என்றார் மாமா. அடுப்பில் முட்டையை உடைத்து ஊற்றி, ரொட்டியை வாட்டி, அக்கா உட்காரும் வரை தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு பேனாவை எடுத்து இரவு பத்து மணிக்கு மேலான கட்டங்கள் எல்லாவற்றிலும் "நான்" என்று எழுதினார். மறுபக்கம் அக்காதான் என்று பேசாமலேயே முடிவாகிவிட்டது.

கடைசியில் ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன. நான்தான் முதலில் கவனித்தேன். ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை: காலை எட்டு முதல் மாலை நாலு வரை. ஞாயிறன்று சபையை விட்டுவர ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"நீ வரியாம்மா?"

"எட்டு மணிக்கு வரேன்க்கா. பன்னெண்டு, ரெண்டு, நாலும் எழுதிக்கிறேன். பத்துலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் எனக்குப் பரீட்சை வகுப்பு."

அப்படி ஒரு கட்டம் மிஞ்சியது. அக்கா அதை அப்படியே விட்டார்.

வியாழக்கிழமை மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. நீள மேசை, ஒரு தண்ணீர் ஜாடி, திறக்க முடியாத ஜன்னல். கீழே வாசலில் குழு நின்றிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், குடைகள், பலகை, முன்னால் உபதேசியார். அக்கா அவர்களைத் தாண்டி உள்ளே போனார். அட்டவணையைப் பற்றிக் கேட்டால் சொல்ல என்னையும் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒரு பெண்மணி. கோபக்காரர் இல்லை, களைத்தவர்.

"அவர் திரும்பி வருவாருன்னு நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எட்டு மாசமா பாக்குறேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

டாக்டர் நிமிர்ந்தார். வேறு பதிலுக்குத் தயாராக வந்திருந்தார் போல.

"அப்புறம் எதுக்கு?"

"இருக்கானே. உசுரு இருக்கிற வரைக்கும் சோறு போடணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அக்கா அட்டவணையை மேசையில் விரித்தார். டாக்டர் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது எதிரே உட்கார்ந்திருந்த தம்பி மனைவியைத்தான்.

அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: "விழுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, அவர்கூட வேலை செஞ்சவரு கரண்ட் அடிச்சுப் படுத்துட்டாரு. போய்ப் பாத்துட்டு வந்து என்கிட்ட சொன்னாரு. என்னை இப்படி மெஷின்ல கட்டிப்போட்டு வெக்காத, விட்டுருன்னு. என் கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னாரு அண்ணி. நான் என்ன அவரைத் தொலைச்சுட்டுப் போறதுக்கா கையெழுத்துப் போட்டேன்? நீங்க வாசல்ல பலகை வெச்சு நிக்கிறீங்க. நான் வேலை முடிஞ்சு வர்றப்போ அதைத் தாண்டித்தான் உள்ள வரேன். கொலைகாரின்னு எழுதல, அது ஒண்ணுதான் குறை."

"அது உனக்காக எழுதுனது இல்லம்மா."

"பின்னே யாருக்கு? வேற யாரு கையெழுத்துப் போட்டா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னலில் மழை வழிந்தது. வெளியே பாட்டு ஆரம்பமானது மெல்லக் கேட்டது.

"மெஷின்ல கட்டி வெக்காதன்னுதானே சொன்னான்" என்றார் அக்கா. "இது சோறுதானே."

"குழாயும் மெஷின்தான் அண்ணி."

"எனக்கு அப்படித் தோணல. உனக்குத் தோணுதுன்னா தப்புன்னு சொல்ல மாட்டேன். அவன் சொன்னதைக் கேட்டவ நீ."

"சரி. வீட்டுக்குக் கொண்டு போங்க. சளி கட்டி மூச்சு திணறினா? மறுபடி தூக்கிட்டு வந்து தொண்டையில குழாய் சொருகி அந்த மெஷின்ல போடுவீங்களா? நெஞ்சு நின்னா ஏறி மிதிச்சு எழுப்புவீங்களா?"

இந்தக் கேள்விக்கு அக்கா பதினைந்து வருடமாக, கடைசி மூச்சு வரை எல்லாம் செய்யணும் என்ற ஒரே பதிலைத்தான் எல்லா வாசலிலும் சொல்லியிருக்கிறார். எனக்கே அது மனப்பாடம். நான் அதற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"மாட்டேன்" என்றார். "நான் அவனைத் தள்ளிவிட மாட்டேன். அவனாப் போனா காலைப் பிடிச்சு இழுக்கவும் மாட்டேன்."

"சோறே உள்ள தங்காம வாந்தியா வந்தா?"

அக்கா தண்ணீர் ஜாடியைப் பார்த்தார். உள்ளங்கையால் மேசையைத் தடவினார், விரிப்பைத் தடவுவது போல.

"அப்ப நீ சொல்லு. நீ நிறுத்தச் சொன்னா நிறுத்துறேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டரிடம் அதற்கு ஒரு படிவம் இருந்தது. இயந்திரம் வேண்டாம், நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாம், வீட்டில் உணவும் பராமரிப்பும் மட்டும். அக்கா அதை மூன்று முறை படித்தார். இந்த மாதிரித் தாளைத்தான் ஒரு முறை மருத்துவமனை வாசலில் எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணும் போட்டார். பழைய சம்மதத்தை டாக்டர் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"இந்த லிஸ்ட்ல என் பேரு எங்க?" என்று அந்தப் பெண் அட்டவணையை இழுத்துப் பார்த்தார்.

"உன் பேரை எழுதலம்மா. நீ எட்டு மாசம் பாத்துட்ட. உனக்கு இருபத்தொம்பது வயசு. நீ..."

"என் புருஷனைப் பாக்க என் பேரு இல்லாத லிஸ்ட்டா? நல்லா இருக்கே நியாயம்!" என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கினார். தினமும் இரவு எட்டு மணியில் இருந்த பேக்கரிக்கார அம்மாவின் பெயரை ஏழு இடத்திலும் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். "அவங்க பாட்டுப் பாடிக்கிட்டே புரட்டுவாங்க. பிடி நழுவும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முந்தானையை எடுத்தார், அது கண்ணைத் துடைக்கவும் பயன்பட்டது.

நாங்கள் இறங்கி வந்தபோது பாட்டு நின்றது. செய்தி எங்களுக்கு முன்பே கீழே வந்திருந்தது. எப்படி என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனைகளில் அப்படித்தான். பலகையைப் பிடித்திருந்தவர் அதைத் திருப்பி, எழுத்து தெரியாமல் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் அக்காவைப் பார்க்காமலே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

உபதேசியார் மட்டும் குறுக்கே வந்து நின்றார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா சிஸ்டர்?"

"போட்டேன்."

"நம்ம எத்தனை வீட்டு வாசல்ல நின்னு..."

"நின்னோம். நின்னது தப்புன்னு இப்பவும் சொல்லல. ஆனா ஒரு வீட்டுக்குள்ளயும் போகல பிரதர்." அக்கா உறையிலிருந்து அட்டவணையை எடுத்தார். மழைத்துளி விழுந்து ஒரு பெயரின் மை கலங்கியது. விரலால் ஒற்றி எடுத்தார். "இது எண்பத்து நாலு கட்டம். எண்பத்து மூணு நெறஞ்சிருச்சு. ஒண்ணுதான் பாக்கி. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. வருவீங்களா?"

உபதேசியார் தாளைப் பார்த்தார். பிறகு அக்காவை.

"பத்து மணிக்கு ஆராதனை, சிஸ்டர்."

"தெரியும்."

"நான்தான் பாட்டு எடுத்துக் குடுக்கணும்."

"அதுவும் தெரியும்."

அவர் குடையை அக்காவின் தலைக்கு மேல் நகர்த்தினார். அவர் தோளில் மழை விழ ஆரம்பித்தது.

"எனக்குப் புரட்டத் தெரியாதே" என்றார்.

"சொல்லித் தரேன்."

"கையைக் கழுவிட்டுத்தானே தொடணும்?"

"ஆமா."

"சோப்பு அங்க இருக்குமா சிஸ்டர், இல்ல நான் கொண்டு வரணுமா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட பிரதர், லாண்டரிக்காரிகிட்ட நின்னுக்கிட்டு சோப்பு இருக்கான்னு கேக்குறீங்களே!" என்றார். பேனாவைத் திறந்து, அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகின்மேல் தாளை வைத்து அவர் பெயரை எழுதினார்.